நீலமே இல்லாத நீல நதி!

குழந்தைகளே, எங்கள் திருவண்ணாமலை நகருக்குள் பெரிய ஆறு எதுவும் ஓடவில்லை. மலை உண்டு, குளங்கள் உண்டு, ஏரி உண்டு. ஆறு மட்டும் இல்லை. அதனால் என்ன? ஆண்டுதோறும் தை மாதம் 5-ம் நாள் அண்ணாமலையாரே ஊரை விட்டுப் புறப்பட்டு, மணலூர்பேட்டையில் ஓடும் தென்பெண்ணை ஆற்றுக்குப் போய்விடுவார். அங்கே அவருக்குத் தீர்த்தவாரி நடக்கும். ஆற்றுத் திருவிழா என்போம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்! மேளச் சத்தம் ஒரு பக்கம், பலூன்காரரின் பீப்பி ஒரு பக்கம்!

ஆறு என்றாலே நமக்குப் பாட்டும் மேளமும் கூடவே வந்துவிடும். இது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. ஐரோப்பாவில் ஓடும் ஓர் ஆற்றின் பெயரில் 1867-ம் ஆண்டு ஒரு நடன இசை பிறந்தது. அதன் பெயர் 'அழகிய நீல டான்யூப் நதிக்கரையில்'. சுருக்கமாக 'நீல டான்யூப்' என்பார்கள். இயற்றியவர் ஆஸ்திரியா நாட்டின் தலைநகரமான வியன்னாவில் வாழ்ந்த ஜோஹான் ஸ்ட்ராஸ். பெயர் புதிதாக இருந்தாலும், இசையைக் கேட்டால், "அட, இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே!" என்பீர்கள்.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். டான்யூப் நதி நீலமாகவே இருப்பதில்லை! ஆஸ்திரியாவில் ஒருவர் ஓர் ஆண்டு முழுக்க, தினமும் காலையில் நதிக்கரைக்குப் போய் தண்ணீர் என்ன நிறம் என்று குறித்து வைத்தார். 109 நாட்கள் மரகதப் பச்சை. 55 நாட்கள் களிமண் மஞ்சள். 6 நாட்கள் பழுப்பு. மீதி நாட்கள் எல்லாம் விதவிதமான பச்சை. நீலம்? ஒரு நாள் கூட இல்லை!

அப்படியானால் 'நீல' என்ற சொல் எங்கிருந்து வந்தது? கார்ல் பெக் என்ற கவிஞர், அழகிய நீல டான்யூப் என்று தன் கவிதையில் எழுதியிருந்தார். அந்தத் தொடர்தான் இசைக்குத் தலைப்பானது. கவிஞர்கள் நிறம் பூசினால் யார் தடுக்க முடியும்?

டான்யூப் சின்ன ஆறு இல்லை. ஜெர்மனியில் கருங்காடு என்ற மலைப்பகுதியில் பிறந்து, சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடி, கருங்கடலில் கலக்கிறது. நம் காவிரியைப் போல் மூன்றரை மடங்கு நீளம். பத்து நாடுகளைத் தொடுகிறது. வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேடு என நான்கு தலைநகரங்கள் அதன் கரையில் இருக்கின்றன. பூகோளப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஐரோப்பாவின் நடுவில் வளைந்து வளைந்து போகும்.

அப்பாவுக்குத் தெரியாமல் வயலின்

ஸ்ட்ராஸ் பிறந்தது 1825 அக்டோபர் 25-ல். அவருடைய அப்பாவின் பெயரும் ஜோஹான் ஸ்ட்ராஸ்தான். அப்பாவும் பெரிய இசைக்குழுத் தலைவர். வியன்னாவில் அவர் குழு வாசிக்காத விருந்து இல்லை. அப்படிப்பட்டவர் தன் மகனை, "நீ பாங்கில் வேலைக்குப் போ, இசைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே" என்று சொல்லிவிட்டார். இசைக்காரர்களின் அலைச்சலும் கஷ்டமும் அவருக்குத் தெரியும் அல்லவா?

மகன் கேட்கவில்லை. அப்பாவின் குழுவிலேயே வாசித்த ஒரு வயலின்காரரிடம் ரகசியமாகப் பாடம் படித்தான். ஒரு நாள் அப்பாவிடம் மாட்டிக்கொண்டு, பிரம்படியும் வாங்கினான். அம்மா அன்னாதான் மகனுக்குத் துணை நின்றார். பிறகு அப்பா குடும்பத்தை விட்டே பிரிந்து போய்விட்டார். அந்த வருத்தத்தோடும் பையன் விடாமல் படித்தான்.

1844 அக்டோபர் 15-ம் தேதி, 19 வயது நிறைய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, டோம்மாயர் என்பவரின் விடுதியில் முதல் கச்சேரி. சொந்த இசைக்குழு, சொந்தப் பாட்டுகள், கைதட்டல் மேல் கைதட்டல். எல்லாம் முடிந்து கடைசியாக அவர் எதை வாசித்தார் தெரியுமா? தன்னைத் தடுத்த அப்பாவின் இசையை! அதுவும் ரைன் நதியின் பெயரில் அப்பா எழுதிய ஒரு வால்ட்ஸ். ஆக, நதியின் பெயரில் நடன இசை எழுதும் வழக்கம் அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தது. 1849-ல் அப்பா காய்ச்சலில் இறந்த பிறகு, இரண்டு பேரின் குழுக்களும் ஒன்றாகிவிட்டன.

தகிட தகிட...

'வால்ட்ஸ்' என்றேனே, அது என்ன என்று சொல்லவில்லை. சொல்கிறேன். கொஞ்சம் கையை நீட்டுங்கள்.

ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணிக்கொண்டே தட்டுங்கள். 'ஒன்று' வரும்போது பலமாக, மற்ற இரண்டும் மெதுவாக. அவ்வளவுதான், வால்ட்ஸ் வந்துவிட்டது! மூன்று எண்ணிக்கையில் சுழலும் நடன இசைக்குத்தான் அந்தப் பெயர். பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இதற்குள் சிரித்திருப்பீர்கள். தகிட, தகிட... நம் திஸ்ரம்! கும்மிப் பாட்டுகள் பெரும்பாலும் இந்த நடையில்தான் போகும். பொங்கலுக்கு உங்கள் பாட்டி வட்டமாகச் சுற்றி வந்து கும்மி அடித்தால், கால்கள் எண்ணுவது இதைத்தான்.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. வால்ட்ஸும் முதலில் அரண்மனையில் பிறந்தது இல்லை. ஆஸ்திரிய மலைக் கிராமங்களில் விவசாயிகள் ஆணி அடித்த கனமான செருப்பைப் போட்டுக்கொண்டு, தரை அதிர மிதித்து, மூன்று எண்ணிக்கையில் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். அந்த ஆட்டம் நகரத்துக்கு வந்தது. அங்கே வழவழப்பான மரத்தரை, மெல்லிய காலணி. மிதிப்பது போய் வழுக்கிச் செல்வது வந்தது, வேகமும் கூடியது. பெரிய இடத்துப் பெரியவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். "இது என்ன ஜோடி ஜோடியாகச் சுற்றுவது, மரியாதை இல்லாமல்!" என்று திட்டினார்கள். பிறகு அவர்களும் ஆடினார்கள்! கிராமத்து மக்களின் ஆட்டம் இப்படி மாளிகைக்குள் நுழைவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வியன்னாக்காரர்களிடம் இன்னொரு சூட்சுமம் உண்டு. இரண்டாவது தட்டைச் சரியான நேரத்துக்கு ஒரு மயிரிழை முன்னதாகவே போட்டுவிடுவார்கள். அதனால் தாளம் லேசாகத் தள்ளிவிடுவது போல இருக்கும். கால் தானாக நகரும். இத்தனைக்கும், வால்ட்ஸ் மன்னர் என்று பெயர் வாங்கிய ஸ்ட்ராஸுக்கு நடனம் ஆட வராதாம்!

தோற்ற நகரத்துக்கு ஒரு பாட்டு

இப்போது 1866-ம் ஆண்டுக்கு வருவோம். ஆஸ்திரியாவுக்கும் பிரஷ்யா என்ற நாட்டுக்கும் போர் மூண்டது. ஜூலை 3-ம் தேதி கோனிக்கிராட்ஸ் என்ற இடத்தில் ஆஸ்திரியப் படை படுதோல்வி அடைந்தது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வீரர்கள் மாண்டு போனார்கள். வியன்னாவில் துக்கம் விழாத தெரு இல்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால்தான், 1862-ல், டான்யூப் நதி பெருக்கெடுத்து நகரத்தின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்திருந்தது. 1830-லும் அப்படித்தான் நடந்தது. ஆக, அந்த ஊர் மக்களுக்கு டான்யூப் என்றால் அழகு மட்டும் இல்லை, பயமும்தான்.

நமக்கு இது புரியாத விஷயமா? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டதே, நினைவிருக்கிறதா? அண்ணாமலையார் நீராடும் அதே ஆறு எத்தனை ஊர்களுக்குள் புகுந்தது!

வியன்னாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் நடன விழாக் காலம் வரும். தோல்விக்கு அடுத்த ஆண்டு யாருக்கு ஆட மனசு வரும்? அப்போதுதான் ஆண்கள் மட்டுமே சேர்ந்து பாடும் ஒரு சங்கத்தார், ஸ்ட்ராஸிடம் பாடுவதற்கு ஏற்ற வால்ட்ஸ் ஒன்று கேட்டார்கள். மக்கள் கொஞ்சமாவது சிரிக்கட்டுமே என்ற எண்ணம். ஸ்ட்ராஸ் இசை எழுதிக் கொடுத்தார். சங்கத்துக்குப் பாட்டு எழுதுபவர் ஜோசப் வெய்ல். அவர் வேலை பார்த்தது போலீஸ் இலாகாவில்! அவர் அந்த இசைக்கு வரிகள் எழுதினார். மகிழ்ச்சியாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டே, ஊரையும் காலத்தையும் கிண்டல் செய்யும் வரிகள். ஆச்சரியம் என்னவென்றால், அந்த முதல் பாட்டில் டான்யூப் நதியைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. தலைப்பில் மட்டும்தான் நதி!

1867 பிப்ரவரி 15-ம் தேதி முதல் நிகழ்ச்சி. நடந்த இடம் டயானாபாத் என்ற நீச்சல் குளம்! பயந்துவிடாதீர்கள். கோடையில் அது குளம். குளிர்காலத்தில் குளத்தின் மேல் பலகை பரப்பி, விழா மண்டபம் ஆக்கிவிடுவார்கள். டான்யூப் நதியின் கிளைக் கால்வாய் ஓரத்தில் அது இருந்தது. ஆக, டான்யூப் இசை முதன்முதலாகக் கேட்டது தண்ணீருக்குப் பக்கத்தில், குளத்துக்கு மேலே!

கூட்டம் கைதட்டியது. ஆனால் ஸ்ட்ராஸின் மற்ற பாட்டுகளுக்குக் கிடைத்த ஆரவாரம் இதற்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு முறை 'மறுபடியும்' கேட்டார்கள், அவ்வளவுதான். வரிகள் எடுபடவில்லை என்றே நான் நினைக்கிறேன். காயம் ஆறாத நேரத்தில் கிண்டல் சற்றுக் கசக்கத்தானே செய்யும்?

அதே ஆண்டு பாரிஸ் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஸ்ட்ராஸ், பாட்டு வரிகளை விட்டுவிட்டு, வாத்தியங்களை மட்டும் வைத்து அதே இசையை வாசித்தார். பாரிஸ் கிறுக்குப் பிடித்தது போல ஆனது! அங்கிருந்து லண்டன், பிறகு கடல் தாண்டி அமெரிக்கா. 1872-ல் பாஸ்டன் நகரில் நடந்த பெரிய இசை விழாவில் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் ஒன்றாகச் சேர்ந்து இதை வாசித்தார்கள். இசையை நடத்திச் செல்பவரைக் கண்டக்டர் என்பார்கள் (பஸ் கண்டக்டர் இல்லை!). கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஸ்ட்ராஸின் கை தெரியாது என்பதால், ஏறத்தாழ நூறு துணைக் கண்டக்டர்களை நடுநடுவே நிறுத்தினார்களாம்! அங்கே ரசிகைகள் அவருடைய தலைமுடியில் ஒரு கற்றை ஞாபகார்த்தமாக வேண்டும் என்று நச்சரித்ததாகவும், வேலைக்காரர் அவருடைய கறுப்பு நாயின் முடியைக் கத்தரித்துக் கொடுத்துச் சமாளித்ததாகவும் ஒரு கதை உண்டு. நாய் என்ன ஆனதோ!

பிராம்ஸ் என்று ஒரு மாபெரும் இசை மேதை, ஸ்ட்ராஸின் நண்பர். ஸ்ட்ராஸ் வீட்டுப் பெண்மணி ஒருவர் விசிறியை நீட்டி அவரிடம் கையெழுத்துக் கேட்டார். பிராம்ஸ் அதில் நீல டான்யூப் இசையின் முதல் சில ஸ்வரங்களை எழுதி, 'துரதிர்ஷ்டவசமாக இது பிராம்ஸ் எழுதியது இல்லை' என்ற பொருளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். மேதைக்கும் ஆசை வந்துவிட்டது பாருங்கள்!

சரி, அந்த இசையில் அப்படி என்னதான் இருக்கிறது? ஆர்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு பாடும் குழுவை நினைத்துவிடாதீர்கள். இது வயலின்களே பல பேர் வாசிக்கும் பெரிய குழு. அதோடு செல்லோ, புல்லாங்குழல் வகைகள், ஊதுகொம்புகள், யாழ் போன்ற ஹார்ப், முரசு எல்லாம் உண்டு. தொடக்கத்தில் வயலின்கள் மிக மெல்ல நடுங்கும். விடியற்காலையில் தண்ணீர் மேல் பனிமூட்டம் நிற்பது போல இருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு கொம்பு, மெதுவாக மூன்று ஸ்வரம் ஏறும். பிறகுதான் வால்ட்ஸ் தொடங்கும். ஒன்றல்ல, ஐந்து வால்ட்ஸ்கள், ஒன்றோடு ஒன்று கோத்த மாலை மாதிரி. எல்லாம் சேர்ந்து சுமார் பத்து நிமிடம்.

அந்த முதல் வால்ட்ஸின் ஆரம்பத்தை நீங்களே பாடலாம். ச ச க ப ப... என்று ஏறி நிறுத்துங்கள். உடனே ஒரு ஸ்தாயி உயரத்தில் இருந்து 'ப ப, க க' என்று யாரோ பதில் சொல்வது போல வரும். நம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள்தான் இவை!

இதைச் சொல்லும்போது முத்துசாமி தீட்சிதரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1775-ல் பிறந்த அவர், திருவண்ணாமலை மேல் 'அருணாசலநாதம்' என்ற கீர்த்தனையை சாரங்கா ராகத்தில் பாடியவர். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் அவர் குடும்பம் இருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியம் கேட்டார். அந்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். 'நோட்டுஸ்வரம்' என்று அவற்றுக்குப் பெயர். எல்லாம் சங்கராபரணத்தில்! அவற்றில் பாட்டு வகுப்பில் சின்னப் பிள்ளைகள் பாடும் 'சக்தி ஸஹித கணபதிம்' இருக்கிறதே, அதைத் தட்டிக்கொண்டே பாடிப் பாருங்கள். ஒன்று-இரண்டு-மூன்று! தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர். 1835-ல் முத்துசாமி தீட்சிதர் மறைந்தபோது, வியன்னாவில் ஸ்ட்ராஸ் பத்து வயதை எட்டப்போகும் சிறுவன். ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே வயலினும் ஒரே மூன்று எண்ணிக்கையும் இரண்டு ஊர்களிலும்!

நதியின் கதைக்குத் திரும்புவோம். வெள்ளத்துக்குப் பயந்த வியன்னா, 1870-ல் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. சூயஸ் கால்வாய் வெட்டிப் பழகிய பிரெஞ்சு நிறுவனத்தைக் கூப்பிட்டு, வளைந்து நெளிந்து ஓடிய டான்யூபுக்கு நேராக ஒரு புதிய பாதை வெட்டினார்கள். 1875-ல் வேலை முடிந்தது. ஸ்ட்ராஸ் இசை எழுதியபோது ஓடிய பழைய வளைவு நதி அதோடு போயிற்று. ஓரிடத்தில் அதன் மிச்சம் ஏரி போல இன்றும் நிற்கிறது. 'பழைய டான்யூப்' என்று சொல்கிறார்கள்.

அதே டான்யூப் கீழ்த்திசையில் ருமேனியாவுக்குள்ளும் போகிறது. அங்கே இவனோவிச் என்ற ராணுவ பேண்டு மாஸ்டர் 1880-ல் 'டான்யூப் அலைகள்' என்று இன்னொரு வால்ட்ஸ் எழுதினார். அது கொஞ்சம் சோகமான மெட்டு. அதைப் பற்றி இன்னொரு நாள்.

1890 வாக்கில் நீல டான்யூபுக்குப் புதிய வரிகள் எழுதப்பட்டன. இந்த முறை நதியைப் பற்றியே! ஸ்ட்ராஸ் 1899-ல் காலமானார். 1945 ஏப்ரலில், இரண்டாம் உலகப் போரில் வியன்னா இடிந்து கிடந்தது. ஆஸ்திரியா மறுபடி தனி நாடாக அறிவிக்கப்பட்டபோது, அதற்கென்று ஒரு தேசிய கீதம் இல்லை. அப்போது நாடாளுமன்றத்தின் முன் வாசித்தது எதை என்று நினைக்கிறீர்கள்? ஒரு தோல்விக்குப் பிறகு பிறந்த அதே வால்ட்ஸை!

1968-ல் வந்த ஓர் ஆங்கில விண்வெளித் திரைப்படத்தில், விண்கலம் மெல்ல மிதந்து சுழலும் காட்சிக்கு இந்த இசையை வைத்தார்கள். அன்று முதல் விண்வெளி என்றால் பலருக்கு நீல டான்யூப் நினைவுக்கு வரும். ஆனால் 1977-ல் நாசா அனுப்பிய வாயேஜர் கலங்களில் உலக இசையைப் பதிந்து வைத்த தங்கத் தட்டில், நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கரின் குரல் உண்டு. நீல டான்யூப் இல்லை. அந்தக் குறை தீர, ஸ்ட்ராஸின் 200-வது பிறந்த ஆண்டான 2025-ல், மே 31-ம் தேதி, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஸ்பெயினில் உள்ள பெரிய ஆண்டெனா மூலம் இந்த இசையை வானொலி அலையாக வாயேஜர்-1 இருக்கும் திசையில் அனுப்பியது. ஒளியின் வேகத்தில் போன அது, சுமார் 23 மணி நேரத்தில் வாயேஜரையே முந்திக்கொண்டு போய்விட்டது!

கேட்க ஆசையாக இருக்கிறதா? வீட்டுப் பெரியவர்களின் செல்போனில் தேடினால் கிடைக்கும். இன்னும் நல்ல வழி, ஜனவரி 1-ம் தேதி வியன்னாவில் நடக்கும் புத்தாண்டு இசை நிகழ்ச்சி. நம் நேரப்படி பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்குத் தொடங்கும். கடைசியில் வயலின்கள் மெல்ல நடுங்க ஆரம்பித்ததுமே கூட்டம் கண்டுபிடித்துக் கைதட்டும். வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டு, எல்லோருமாகப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இது ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் செல்லக் குறும்பு.

அது முடிந்ததும் நிகழ்ச்சியை நிறைவு செய்வது அப்பா ஸ்ட்ராஸ் 1848-ல் எழுதிய 'ராடெட்ஸ்கி அணிவகுப்பு'. பிரம்பால் அடித்த அப்பாவும், அடி வாங்கிய மகனும் அடுத்தடுத்து! அப்போது கூட்டம் முழுவதும் தாளத்தோடு கைதட்டும். நீங்களும் தட்டுங்கள். ஆனால் ஜாக்கிரதை, அது வால்ட்ஸ் இல்லை. 'தகிட' போட்டால் தடுமாறிப் போவீர்கள். பள்ளி அணிவகுப்பில் நடப்பது போல, ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு!